வண்டியை நிறுத்திவிட்டு ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு

தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு. இந்த மூன்றுக்கும் முந்திய வாரம் கம்பளையில் எந்த மோட்டார் சைக்கிள் கராஜுக்குப் போனாலும் ஒரே மாதிரியான வண்டிகள் வரிசையில் நிற்கும். விபத்தில் அடிபட்டவையும் இல்லை, ஓடி ஓடித் தேய்ந்தவையும் இல்லை. மாதக்கணக்கில் ஓடாமல் நின்றவை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுடையவை, கட்டாரிலிருந்தும் டுபாயிலிருந்தும் லீவில் வந்தவர்களுடையவை. புசல்லாவைப் பக்கமும் நாவலப்பிட்டிப் பக்கமும் உள்ள தோட்டங்களில், லயத்து வாசலில் படங்கு போட்டு மூடிவிட்டுப் போன வண்டிகள். கிடைத்த லீவோ கொஞ்சம். வந்த அன்றே கிக்கரை மிதித்துப் பார்க்கிறார்கள். வண்டி உயிர் பிடிப்பதில்லை.

அதற்குப் பிறகு கராஜில் நடக்கும் பேச்சும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"நானா, பிளக்கு மாத்தியாச்சு, பெட்டரியும் புதுசு போட்டாச்சு. அப்பவும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"எவ்வளவு நாளா நிக்குது தம்பி?"

"போன தீவாளிக்கு வந்தப்ப ஓட்டினது."

"அப்ப பிளக்குல ஒண்டுமில்ல. போன தீவாளிப் பெற்றோல்தான் உள்ளுக்கு நிக்குது."

இந்தப் பதிவு அந்தக் கடைசி வரியைப் பற்றியது. பழைய பெற்றோல் என்ன செய்கிறது, எங்கே செய்கிறது, வந்துவிட்டால் எப்படித் தீர்ப்பது, வராமல் எப்படித் தடுப்பது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் ஊரைவிட்டுப் போகும் நாளில் ஐந்து நிமிடம் செலவழித்தால் தவிர்க்கக்கூடிய ஒன்றுக்கு, நம் பிள்ளைகள் லீவில் பாதியையும் கையிலிருக்கும் காசையும் கொடுப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

பெற்றோலுக்கு வயது உண்டு

பெற்றோலை நாம் ஒரே பொருளாக நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்கள் சேர்ந்த கலவை. அதில் மிக இலேசானவை இருக்கின்றன, கனமானவையும் இருக்கின்றன. குளிர்ந்து கிடக்கும் என்ஜினை முதல் மிதியில் பற்றவைப்பது பியூட்டேன், பென்டேன் போன்ற இலேசான பகுதிதான். மூடி இறுகாத கேனிலிருந்தும், காற்றுத் துளை உள்ள டேங்கிலிருந்தும் முதலில் பறந்துபோவதும் அதே பகுதிதான். மிஞ்சுவது எரியும், ஆனால் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பெற்றோலைப் பொறி தொட்டாலும் பயனில்லை. அதனால்தான் ஒரே பழைய பெற்றோல் மத்தியான வெயிலில் ஒருவாறு பற்றிக்கொண்டு, பனி இறங்கிய புசல்லாவைக் காலையில் முழுவதுமாக மறுத்துவிடுகிறது.

இரண்டாவது மாற்றம் இதைவிட மோசமானது. பெற்றோலில் உள்ள சில மூலக்கூறுகள், குறிப்பாக அல்கீன்கள், காற்றிலுள்ள ஒட்சிசனோடு மெல்ல மெல்லச் சேர்கின்றன. முதலில் பெரொக்சைட்டுகள் உருவாகின்றன. அவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, கடைசியில் ஒட்டும் பிசினாகப் படிகின்றன. சூடு இதை வேகப்படுத்தும். செம்பு கலந்த உலோகமும் வேகப்படுத்தும். காபரேட்டரின் ஜெட்டுகள் செம்பு கலந்த பித்தளையில் செய்யப்பட்டவை என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இது புதிய சிக்கலும் இல்லை. மசகெண்ணெயை வடித்து மட்டும் எடுத்த ஆரம்பகாலப் பெற்றோலில் அல்கீன்கள் குறைவு. 1913இல் அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் என்ற வேதியியலாளரின் முறை தொழிற்சாலைக்கு வந்தது. கனமான எண்ணெயைச் சூட்டிலும் அழுத்தத்திலும் உடைத்துக் கூடுதல் பெற்றோல் எடுக்கும் முறை அது. பெருகிவந்த மோட்டார் வண்டிகளுக்கு அதனால்தான் எரிபொருள் கிடைத்தது. ஆனால் அப்படி உடைத்தெடுத்த பெற்றோல் சீக்கிரம் பிசின் பிடித்தது. அதைத் தடுக்க ஒட்சியேற்றத் தடுப்பான்களைக் கலக்கத் தொடங்கினார்கள். இன்றும் கலக்கிறார்கள். அந்தத் தடுப்பான் தீரும்வரை பெற்றோல் தாக்குப்பிடிக்கும். தீர்ந்ததும் கெடுதல் விரைவாகும்.

இதை அளக்க முறையான பரிசோதனையே இருக்கிறது. பெற்றோலை ஒட்சிசன் அழுத்தத்தில் 100 பாகை செல்சியஸில் வைத்து, எத்தனை நிமிடம் எதிர்வினை தொடங்காமல் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஐரோப்பியத் தரம் குறைந்தது 360 நிமிடம் கேட்கிறது. பிசின் 100 மில்லி லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. நல்ல பெற்றோலிலும் பிசின் அணுவளவும் இருக்காது என்று யாரும் உறுதி தருவதில்லை, பாருங்கள். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சரி, நம் வீட்டில் எத்தனை நாள் தாங்கும்? பிபி நிறுவனம் ஆஸ்திரேலியாவில் தன் வாடிக்கையாளர்களுக்குத் தந்த வழிகாட்டல் ஒன்று எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. நிழலில், நன்றாக மூடிய கலத்தில் ஒரு வருடம். மூடியைத் திறந்துவிட்டால் 20 பாகை செல்சியஸில் 6 மாதம், 30 பாகையில் 3 மாதம். என்ஜினின் சொந்த டேங்கில் ஒரு மாதம். கம்பளையின் வெப்பநிலை பெரும்பாலும் அந்த 20க்கும் 30க்கும் இடையில்தான். தகரக் கூரைக்குக் கீழே வைத்த கேன் இன்னும் சூடாகும். ஒரு மாதம் தாண்டியதும் வண்டி அன்றே நின்றுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு மாதத்திலிருந்து கவனிக்கத் தொடங்குங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "95 போட்டு வைத்தால் கெடாது" என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். ஒக்டேன் எண், என்ஜினுக்குள் பெற்றோல் நேரம் தப்பி வெடித்துத் தட்டாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. 92 போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன வண்டிக்குக் கூடுதல் காசு கொடுத்து 95 நிரப்பி நிறுத்துவதால் ஆயுள் கூடாது.

கெடுதல் நடக்கும் இடம்

டேங்கில் 8 லீற்றர் இருக்கட்டும், 10 லீற்றர் இருக்கட்டும், வண்டியை நிறுத்துவது அந்தப் பெற்றோல் முழுவதும் இல்லை. காபரேட்டரின் அடியில் மிதவை இருக்கும் சிறு கிண்ணத்தில் தங்கிய சில தேக்கரண்டி அளவுதான். அந்தக் கிண்ணம் காற்றுக்குத் திறந்தது. அளவு சிறிது, மேற்பரப்பு பெரிது. சில வாரங்களில் இலேசான பகுதி போய்விடும்; இன்னும் சில வாரங்களில் மற்றதும் வற்றும். வற்றும்போது அதில் கரைந்திருந்த பிசின் எல்லாம் அடியில் சேர்ந்து பழுப்பு நிறப் படலமாகக் காயும்.

கிண்ணத்தின் அடிமட்டத்தில் இருப்பவை ஜெட்டுகள். ஐட்லிங்குக்குப் பெற்றோல் தரும் சின்ன ஜெட்டின் துளை, 100 முதல் 150 சிசி வண்டிகளில், அரை மில்லி மீற்றருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய துளையில் மெல்லிய படலம் ஒன்று படிந்தாலே போதும். சோக் இழுத்தால் வண்டி பற்றும், சோக்கை விட்டதும் அணையும். அக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் நிற்கும். இந்த அடையாளங்களைக் கண்டால் பிளக்குக்கும் பெட்டரிக்கும் காசு கொட்டாதீர்கள். சின்ன ஜெட் அடைத்திருக்கிறது.

இஞ்ஜெக்ஷன் வண்டிகளில் இந்தத் திறந்த கிண்ணம் இல்லை. அதனால் அவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தாங்காமல் போனால் டேங்குக்குள் இருக்கும் பம்பும் அதன் வடியும் இஞ்ஜெக்டரும் பிசின் பிடிக்கும். அதைத் திருத்தும் செலவு காபரேட்டர் கழுவும் கூலியைப் போல் பல மடங்கு. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 தொடக்கத்தில்தான் தனிப்பட்ட வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் வந்த ஐந்து வருடங்களை நாம் பழைய வண்டிகளைக் கொண்டுதான் ஓட்டினோம். ஆகவே நம் ஊரில் காபரேட்டர் வண்டிகளே இன்னும் நிறைய.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. இந்தியாவில் இப்போது பெற்றோலில் 20 சதவீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். எதனோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓர் அளவைத் தாண்டினால் எதனோலும் நீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். மழைக்காலம் முழுவதும் நிற்கப் போகும் வண்டி என்றால் நீங்கள் எங்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

2022 விட்டுச்சென்ற பழக்கம்

நம் வீடுகளில் பெற்றோல் கேன் எப்படி நிரந்தரமாகக் குடிவந்தது என்பதை மறக்க முடியாது. 2021 டிசம்பரில் 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 மார்ச்சில் 254. ஏப்ரலில் 338. மே மாதம் 420. ஜூன் முடிவில் 470. அந்த விலைக்கும் பெற்றோல் இல்லை. மார்ச் 28 முதல் ஒரு பெற்றோல் கப்பல் நம் கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது, பணம் கட்ட டொலர் இல்லை என்று மே மாதம் அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். கண்டியில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் மார்ச் மாதமே உயிரை விட்டார். ஏப்ரல் 19ஆம் தேதி ரம்புக்கனையில், எரிபொருளுக்காகப் போராடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். ஜூன் கடைசியில் இரண்டு வாரத்துக்கு அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்றார்கள்.

பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். அந்த நாலு லீற்றரைத் தவறவிட்டால் போனது போனதுதான். அதனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாரா வாரம் போய் நிரப்பினோம். நிரப்பியதை ரப்பர் குழாய் விட்டு இழுத்துக் கேனில் ஊற்றினோம். ஷெட்டில் நேரடியாகக் கேனுக்கு அடிக்கத் தடை வந்தபோது வண்டியின் டேங்கே கேன் ஆனது. இதைச் செய்தவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பயந்த தாய் தகப்பன்மார்தான் செய்தார்கள்.

கியூஆர் முறை 2023 செப்டெம்பர் 1ஆம் தேதி நின்றது. பழக்கம் நிற்கவில்லை. இன்றும் பல வீடுகளில் கட்டிலுக்குக் கீழே, அடுப்படி மூலையில் ஒரு கேன் இருக்கிறது. கேட்டால், "இருக்கட்டும் அண்ணே, திரும்பவும் அந்த மாதிரி வந்துட்டா?" என்கிறார்கள். பயம் நியாயமானது. அதற்குத் தேடிய வழிதான் பயன்படாது. அரிசி மூட்டை ஆறு மாதம் கழித்தும் அரிசிதான். பெற்றோல் அப்படி இல்லை. அவசரத்துக்கு என்று வைத்த அந்தக் கேனே அவசர நாளில் வண்டியைப் பாதி வழியில் நிறுத்தும்.

ஆபத்தும் சின்னதில்லை. மைனஸ் 40 பாகை செல்சியஸ் குளிரில்கூடப் பெற்றோலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி எழும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. நிலத்தோடு நிலமாகப் படர்ந்து அடுப்பங்கரைவரை போகும். வீடுகளில் சேர்த்து வைத்த எரிபொருள் தீப்பிடித்த செய்திகளை 2022இல் நாம் கேட்டோம். சுவரோடு சுவர் ஒட்டிய பத்துப் பன்னிரண்டு காம்பராக்களுள்ள லயத்தில் ஒரு கேன் பற்றினால் ஒரு குடும்பத்தோடு அது நிற்குமா? சோடா போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஊற்றி வைப்பது அதைவிடக் கொடுமை. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

கேன் வேண்டுமென்றே இருப்பவர்கள், எரிபொருளுக்கென்றே செய்த கேனில், வீட்டுக்கு வெளியே, நிழலில், சிறிதளவு வையுங்கள். நிரப்பிய தேதியை அதன்மேல் எழுதுங்கள். ஒரு மாதம் ஆனதும் அதை வண்டியில் ஊற்றி ஓட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். அப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது அவசரத்துக்கு உதவும்.

கெட்டதா, நல்லதா என்று பார்ப்பது

மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது மணம். புதிய பெற்றோல் மூக்கில் சுள்ளென்று ஏறும். பழையது புளித்த வாடை அடிக்கும், அல்லது பழைய வார்னிஷ் டின்னைத் திறந்த வாடை வரும். குனிந்து இழுத்து முகர வேண்டாம். மூடியைத் திறந்தாலே தெரியும்.

இரண்டாவது கண். ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் கருத்துப் பழுப்பாகியிருந்தால் கெட்டது. அசையாமல் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் தனி அடுக்காகவோ குமிழிகளாகவோ தண்ணீர் தெரியலாம். துருத் தூளும் தெரியலாம்.

மூன்றாவது வெள்ளைத் தாள். ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். நல்ல பெற்றோல் சுவடின்றிப் போய்விடும். பழையது எண்ணெய்க் கறையாக வளையம் விடும். இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் கலந்த பெற்றோலுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அது புதிதாக இருந்தாலும் கறை விடும்.

நின்ற வண்டியை எழுப்புவது

முதல் விதி: உடனே கிக்கரை மிதிக்காதீர்கள், செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் டேங்கின் அடியிலுள்ள அழுக்கை காபரேட்டருக்குள் இழுக்கும்.

வெளியிடத்தில், நெருப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். டேங்கின் கீழே ஓன், ரிசர்வ், ஓஃப் என்று திருப்பும் பெற்றோல் வால்வை மூடுங்கள். காபரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிக்கும் ஸ்குரூ ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அந்த ஒரு போத்தலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தெளிவாக வந்தால் நல்ல காலம். பழுப்பாக வந்தாலோ, ஒன்றுமே வராமல் போனாலோ காபரேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

டேங்கில் இருப்பது இரண்டு மூன்று மாதம் பழையதாகவும், புளித்த வாடை இல்லாமலும் இருந்தால், அதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிய பெற்றோல் ஒன்றிரண்டு லீற்றர் ஊற்றுங்கள். கிண்ணத்தை ஒருமுறை புதியதால் நிரப்பி, திரும்ப வடித்து, பிறகு சோக் போட்டுப் பாருங்கள். பல வண்டிகள் இதிலேயே எழுந்துவிடும். படலம் லேசாக இருந்தால் புதிய பெற்றோலைக் கிண்ணத்தில் ஓரிரவு நிற்கவிட்டால் கொஞ்சம் இளகும்.

எழும்பாவிட்டால் கராஜ்தான். கை பழகியவர்கள் வீட்டிலும் செய்யலாம். ஜெட்டுகளைக் கழற்றி காபரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட வேண்டும். அதற்கு முன் ரப்பர் வளையங்களையும், இருந்தால் டயஃபிரத்தையும் எடுத்துவிட வேண்டும். கிளீனர் பட்டால் அவை ஊதிக் கெட்டுவிடும். ஊறியபின் காற்றடித்து, துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புக் கம்பியையோ ஊக்கையோ விடாதீர்கள். பித்தளை மென்மையானது. துளை சிறிது அகன்றாலும் வண்டி பெற்றோல் குடிக்கும், கரும்புகை தள்ளும், பிறகு புதிய ஜெட் வாங்குவதைத் தவிர வழியில்லை. தூண்டில் நைலோன் இழை போதும்.

கிண்ணத்தை ஜெட்டோடு சேர்த்துத் திருப்பிப் பூட்டுவதற்கு முன் டேங்கைக் கவனிக்க மறக்காதீர்கள். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். துரு இருந்தால் அதைக் கழுவி எடுக்காமல் காபரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது வீண்வேலை. பெற்றோல் குழாயை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தாலோ கல்லாக இறுகியிருந்தாலோ மாற்றுங்கள். சூடான என்ஜின்மேல் பெற்றோல் ஒழுகும் இடம் அதுதான்.

புல்வெட்டும் மெஷினும் ஜெனரேட்டரும்

மோட்டார் சைக்கிளையாவது பண்டிகைக்குப் பண்டிகை தேடுகிறோம். இவற்றைத் தேடுவது தேவை வந்த அன்று மட்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்கள். கடைக்காரர்கள் பலர் அப்போது சின்ன பெற்றோல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். இப்போது அவை சாமான் அறையில் தூங்குகின்றன. அவற்றிலும் அதே காபரேட்டர், அதே கிண்ணம், அதே பிசின்.

தோட்டங்களில் புல்வெட்டுவதற்கும் மருந்தடிப்பதற்கும் தோளில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் மெஷின்களின் கதை வேறு. அவற்றில் ஒயில் கலந்த பெற்றோல். பெற்றோல் ஆவியாகிப் போனால் ஒயில் மட்டும் மிஞ்சும். அவற்றின் காபரேட்டரில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய டயஃபிரம் இருக்கும். பழைய கலவையில் ஊறிக் காய்ந்தால் அது விறைத்துவிடும். இப்படிப்பட்ட மெஷின்களைச் செய்யும் ஸ்டீல் (Stihl) நிறுவனம் அவற்றுக்குக் கலந்த பெற்றோலை 30 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. தேவைக்கு மட்டும் கலவுங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லி லீற்றர் ஒயில், 25க்கு 1 என்றால் 40 மில்லி லீற்றர். எது என்பதை மெஷினோடு வந்த கைநூலில் பாருங்கள். வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மகாவலி பெருகிக் கம்பளைக்குள் வந்ததை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்தபின் பல வீடுகளில் மிஞ்சியது சேறும், சேற்றுக்குள் ஒரு வண்டியும்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெற்றோல் எத்தனை நாள் பழையது என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அது போய்விட்டது. மூடியின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம். டேங்கின் அடியில் போய் உட்காரும். காபரேட்டருக்குப் போகும் வழியும் அடியில்தான் இருக்கிறது. டேங்கு, குழாய், கிண்ணம் மூன்றையும் முழுதாக வடித்து உலர்த்த வேண்டும். என்ஜின் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளேயும் தண்ணீர் போயிருக்கிறது; ஒயில் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் கிக்கர்.

வடித்த பெற்றோலை என்ன செய்வது

காணில் ஊற்றாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கம்பளைக் காண்களில் விழுவது மகாவலிக்குப் போகும். அதே ஆறு கெலிஓயா, பேராதனை தாண்டிக் கெட்டம்பேக்குப் போகிறது. கண்டி நகரம் குடிக்கும் தண்ணீரை அங்கே ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினாலும் நீரூற்றும் கிணறும் கெடும்.

விறகு அடுப்பு மூட்டவும் குப்பை எரிக்கவும் எடுக்காதீர்கள். மண்ணெண்ணெயோடு கலந்து குக்கரில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பழையது என்பதால் பெற்றோலின் ஆவி சாதுவாகிவிடாது. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பநிலையில் திரி இல்லாமல் எளிதில் பற்றாது. பெற்றோல் தூரத்துத் தீப்பொறிக்கும் பற்றும். பழக்கத்தில் கை நீட்டுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் உயிர் போகும் வித்தியாசம்.

அதிகம் கெடாத, தண்ணீர் இல்லாத, துணியில் வடித்தெடுத்த பெற்றோலை, ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு புதியது என்ற கணக்கில் தினமும் ஓடும் வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடலாம். வாகனத் தயாரிப்பாளர்கள் இதை விரும்ப மாட்டார்கள், அதனால் புதிய இஞ்ஜெக்ஷன் வண்டிகளில் வேண்டாம். புளித்து வார்னிஷ் வாடை அடிப்பதை எந்த வண்டியிலும் ஊற்ற வேண்டாம். கழிவு ஒயில் சேர்த்துக் கொடுக்கும் கராஜ்களிடம் கேட்டு, அவர்கள் ஏற்றால் ஒயிலோடு கலக்காமல் தனிக் கேனில் கொடுத்துவிடுங்கள்.

கெட்ட பெற்றோலைப் புதிதாக்கும் மருந்து எதுவும் கிடையாது. போத்தலில் வரும் பாதுகாப்புத் திரவங்கள் புதிய பெற்றோலில் முதலே ஊற்றினால்தான் வேலை செய்யும்.

போகுமுன் ஐந்து நிமிடம்

இதுதான் நான் சொல்ல வந்தது. மேலே சொன்ன எல்லாம் இதைச் செய்யாதவர்களுக்கு.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகும் வண்டியா? கடைசி ஓட்டத்தின்போது புதிய பெற்றோல் நிரப்புங்கள். வீட்டுக்கு வந்து பெற்றோல் வால்வை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் ஸ்குரூவைத் தளர்த்தி மிஞ்சிய துளிகளையும் வடித்துவிட்டுப் பூட்டுங்கள். காபரேட்டரில் பெற்றோல் இல்லையென்றால் பிசின் இல்லை. தானே திறந்து மூடும் வால்வு உள்ள ஸ்கூட்டராக இருந்தால் ஸ்குரூவைத் தளர்த்தி வடிப்பது மட்டும் போதும்.

டேங்கை நிறைய வைப்பதா, காலியாக விடுவதா என்று கேட்பீர்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் பாதி டேங்குதான் மோசம். வெற்றிடத்தில் ஈரம் படிந்து துருப் பிடிக்கும். சில மாதம் என்றால் முக்கால் பங்குக்கு மேல் இருக்கட்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாடு போகிறவர்கள் டேங்கை முழுவதும் வடித்து, உள்ளே சிறிது என்ஜின் ஒயில் ஊற்றிச் சுழற்றிப் பூசிவிட்டு, மூடியை இறுக்கிவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, வண்டியை நிற்கவிடாமல் இருப்பது. லைசன்ஸ் உள்ள தம்பியோ மச்சானோ இருந்தால் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது. என்ஜின் சூடாகாமல் அணைத்தால் உள்ளே ஈரம்தான் சேரும்.

தோட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் என்பது யாரோ ஒருவரின் ஆசைப் பொருள் மட்டும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் பஸ் இல்லாத மலையில், நெஞ்சு வலி என்று சொல்லும் தகப்பனையோ பிரசவ வலி எடுத்த அக்காவையோ பிரதான வீதிவரை கொண்டுபோகவும், கம்பளை ஆதார வைத்தியசாலைக்குத் தகவல் சொல்லி வண்டி கொண்டுவரவும் அந்த ஒரு வண்டிதான் இருக்கும். நீங்கள் கட்டாரில் இருக்கும்போது அது உங்கள் வீட்டாருக்குத் தேவைப்படும். ஆகவே போவதற்கு முன் வால்வு எங்கே இருக்கிறது, ஸ்குரூ எது, சோக் எப்படி என்று வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். அவரையே ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். பிறகு கிளம்புங்கள்.